நுனோவுக்குக் காட்டிய கோடை

தப்பு என் மேல்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தப்பை நான் செய்தபோது வெந்நீர்த் தொட்டியில் ஏழு பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் இந்த ஐஸ்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தருக்காவது மூளை வேலை செய்திருக்கலாம்.

ஸ்வார்த்தவிக் நீச்சல் குளத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் வேலை பார்க்கிறேன். சீட்டுக் கொடுப்பது, தண்ணீரின் சூடு பார்ப்பது, சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்தில் இறங்கப் பார்க்கிறவர்களைத் திருப்பி அனுப்புவது, எல்லாம் நான்தான். இந்த ஸ்டெய்னுன் இல்லாத நேரமா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இந்த ஊரில் எந்த விஷயமும் நகராட்சிக் கூட்டத்தில் முடிவானதில்லை. குளத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் இருக்கிற அந்த வட்டமான வெந்நீர்த் தொட்டியில்தான் முடிவாகும். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் ஏழரைக்குள் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டு எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்தத் தொட்டியில் என் வீட்டு விஷயம் வந்தது. நான்தான் கொண்டுவந்தேன்.

என் ஒரே மகள் ஆஸ்தீஸ் ஏழு வருஷமாக லிஸ்பனில் இருக்கிறாள். படிக்கப் போனவள், நுனோ என்று ட்ரம்பெட் வாசிக்கிற ஒருத்தனை அங்கேயே கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான், நான் குறை சொல்லவில்லை. ஆகஸ்டில் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. வயிற்றில் பிள்ளை வந்த நாளிலிருந்து அவளுக்கு ஊர் ஞாபகம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இசை வாத்தியார் இடம் வேறு காலியாக இருந்தது. தலைமை ஆசிரியை ஸோல்ரூன் நுனோவின் தகுதியைப் பார்த்துவிட்டு, வேலை உனக்குத்தான், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல் என்று எழுதிவிட்டாள். நுனோ இந்த நாட்டில் காலே வைத்ததில்லை. ஒரு தடவை வந்து கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். நியாயம்தானே. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவன் போனில் என்னிடமே கேட்டான். ஆஸ்தீஸிடம் நாலு வருஷமாக எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தான். மெதுவாகப் பேசுவான், ஆனால் தப்பில்லாமல் பேசுவான்.

"டோனா ஸ்டெய்னுன், ஏப்ரலுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் எனக்கு லீவு கிடைக்கும். உங்க ஊரைப் பார்க்க எது நல்ல நேரம்? நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைகூட என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். என் பெயருக்கு முன்னால் அவர்கள் ஊர் மரியாதைக்கு அந்த 'டோனா'வைப் போட்டு அவன் கூப்பிட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன், அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவன் சரி என்றால் என் மகள் வீட்டுக்கு வருவாள். மாட்டேன் என்றால் என் பேரப்பிள்ளையை நான் போன் திரையில்தான் கொஞ்ச வேண்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு என் மகள் வேண்டும்.

தொட்டியில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நாற்பது வருஷம் மீன்பிடிக் கப்பல் ஓட்டிய ஹ்யால்மர், இப்போதே வரச் சொல், பிப்ரவரி விருந்துக்கு வந்தால் புளிக்கவைத்த ஆட்டுத் தலையும் அழுகவைத்த சுறாவும் சாப்பிடலாம் என்றான். அதைத் தின்றால் மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு நடந்தே போய்விடுவான் என்று நான் அவன் வாயை அடைத்தேன். ஜூலைதான் அருமை, சூரியனே மறையாது என்றார் பாதிரியார். ஜூலையில் வந்து என்ன பிரயோஜனம், கையெழுத்து ஏப்ரலில் அல்லவா என்றாள் ஸோல்ரூன். மார்ச் முழுக்கச் சேறு. ஈஸ்டரில் கடை எதுவும் திறக்காது. அஞ்சு வருஷத்தில் மூன்று இசை வாத்தியார்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, மூன்று பேரும் ஒரு குளிர்காலத்தைக்கூட முழுசாகப் பார்க்காமல் ஓடிப்போனார்கள். அந்த வயிற்றெரிச்சல் ஸோல்ரூனுக்கு. இந்த முறை சரியான நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள் என்று தண்ணீரைக் கையால் அடித்துச் சொன்னாள்.

அப்போதுதான் நான் சொன்னேன், கோடையின் முதல் நாளுக்கு வரச் சொல்லலாமா என்று.

தொட்டியே பூரித்துப் போயிற்று. பின்னே? ஏப்ரலில் வருகிற அந்த வியாழக்கிழமைதான் எங்களுக்குக் கோடை பிறக்கிற நாள். ஊருக்கே விடுமுறை. கொடி, ஊர்வலம், பேண்டு வாத்தியம், பிள்ளைகளுக்குக் கோடைப் பரிசு, வீட்டுக்கு வீடு ஜாம் தடவிச் சுருட்டிய அப்பம். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் கையைப் பிடித்துக் கோடை வாழ்த்துச் சொல்வார்கள். இதைவிட நல்ல நாள் வருஷத்தில் உண்டா? நான் அன்றைக்கே நுனோவுக்கு எழுதிவிட்டேன்: "ஏப்ரல் 24, எங்கள் கோடையின் முதல் நாள். அதற்கு வந்துவிடுங்கள். ஊரே தெருவில் இருக்கும்."

ஆயிரம் வருஷமாக எங்கள் காலண்டர் அந்த நாளைக் கோடை என்கிறது. நாங்களும் பிறந்ததிலிருந்து அதைக் கோடை என்கிறோம். ஜன்னலுக்கு வெளியே என்ன கொட்டுகிறது என்று யாரும் அன்றைக்குப் பார்ப்பதில்லை. ஆஸ்தீஸுக்குமா தோன்றவில்லை என்று கேட்பீர்கள். ஏழு வருஷம் வெளியில் இருந்தவளுக்கு அப்பத்தின் வாசனைதான் ஞாபகம் இருந்திருக்கிறது. கோட்டு எடுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னாளாம். கோடைக்கு எதற்கு என்று அவன் சிரித்தானாம். இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இருபத்திமூன்றாம் தேதி புதன்கிழமை வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் வெயில். அங்கிருந்து வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அஞ்சு மணி நேரம் வர வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் மேட்டுச் சாலைக்கு ஏறும்போது வடக்குக் காற்று கிளம்பியது. நான் வீட்டில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெள்ளையானது, பக்கத்து வீடு மறைந்தது. மூன்று மணிக்கு ஆஸ்தீஸ் பேசினாள்.

"அம்மா, ரோடு தெரியல. வண்டி ஓரமா இறங்கிடுச்சு. எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்பாவை வரச் சொல்லு."

என் புருஷன் பெர்கூர் மீட்புக் குழுவில் இருக்கிறான். ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாத கல்லுளிமங்கன். நான் சொல்லி முடிப்பதற்குள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். ஆறு மாதக் கர்ப்பிணியை மலை மேல் பனிக்குள் கூப்பிட்டு நிறுத்தினவள் நான். வேறு யாரும் இல்லை, நான். சமையலறையில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். கரைத்த மாவை எதற்கென்று தெரியாமல் கொட்டிவிட்டு, மறுபடியும் கரைத்தேன். அஞ்சு மணிக்குப் பெர்கூர் பேசினான்.

"கிடைச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. சூப் வை."

அந்த மூன்று வாக்கியத்தில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன், பிறகு சூப் வைத்தேன்.

நுனோ உள்ளே வந்தபோது எனக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போல இருந்தது. மெல்லிய பருத்திக் கால்சட்டை, கான்வாஸ் செருப்பு, மேலே பெர்கூரின் ஆரஞ்சு நிற மீட்பு உடுப்பு. புருவத்தில் பனி. ஆஸ்தீஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் வயிறு என் மேல் இடித்தது. அவன் மட்டும் வாசலிலேயே நின்றான்.

"இதுதான் உங்க கோடையா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று சொல்லியிருக்கிறேனா? இல்லையென்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நான் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டுபோய் அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாரு. சிவப்புல போட்டிருக்கு. நாளைக்குத்தான் முதல் நாள். நீ ஒரு நாள் முன்னாடியே வந்துட்டே" என்றேன். அவன் காலண்டரைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். ஆஸ்தீஸ் விழுந்து விழுந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைப் படுக்கவைத்துவிட்டு வந்தால், நுனோ சூப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே பெர்கூரும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு இரண்டு கல்லுளிமங்கன்கள்.

மறுநாள் விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. முழங்கால் அளவு பனி. வாசலில் நான் முந்தின நாள் வைத்த தட்டில் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. அது எங்களுக்கு நல்ல சகுனம். குளிர்காலமும் கோடையும் சந்திக்கிற ராத்திரியில் தண்ணீர் உறைந்தால் அந்த வருஷம் பால் கொழிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் தட்டைத் தூக்கிக் காட்டிக் கோடை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நுனோ பெர்கூரின் கம்பளிச் சட்டையும் அவனுக்கென்று நான் முன்பே பின்னி வைத்திருந்த தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்தான். தெரு முழுக்க உறைந்த தட்டோடு சிரிக்கிற ஜனங்களைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்?

ஊர்வலம் கிளம்பியது. பள்ளிக்கூடத்திலிருந்து தேவாலயம் வரை, பதினோரு பிள்ளைகளின் பேண்டு, முன்னால் பாதிரியார். வாத்தியார் இல்லாத இரண்டு வருஷமாக அவர்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பாவம், அவருக்கு ஆர்மோனியம் மட்டும்தான் வரும். பாதித் தெருவில் வாத்தியங்களின் பொத்தான்கள் உறைந்து மாட்டிக்கொண்டன. ஒவ்வொன்றாகச் சத்தம் நின்றது. கடைசியில் முரசு மட்டும் கேட்டது. நுனோ ஓரமாக நடந்துகொண்டிருந்தான். சின்னப் பெண் ஒருத்தி ஊதி ஊதிப் பார்த்துவிட்டு உதடு பிதுங்கி நின்றாள். அவன் அவள் கையிலிருந்ததை வாங்கி, கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது அது ஊதியது. மற்றப் பிள்ளைகளும் பார்த்துவிட்டு அவரவர் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்கள். தேவாலயம் போய்ச் சேர்வதற்குள் ஆறு வாத்தியம் பாடியது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மத்தியானம் ஊரே குளத்துக்கு வந்தது. பண்டிகை நாள், நான்தான் வேலையில். நுனோ சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வந்தான், நான் விசாரித்துக்கொண்டேன். தொட்டியில் இறங்கிக் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தான். மேலே பனி விழுந்து அவன் தலைமயிரில் தங்கியது. அப்போதுதான் அவன் முதல் தடவை சிரித்தான். எனக்கு மனசு லேசாக ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே அவன் எல்லாரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டான்.

"இதைவிட மோசமா இருக்குமா? குளிர்காலத்துல?"

ஹ்யால்மர் வாய் கூசாமல் சொன்னான், இதைவிட மோசம் கிடையவே கிடையாது, நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு நாளை அவன் பார்த்ததே இல்லையாம். புயலில் இரண்டு தடவை கப்பலைக் கவிழ்த்தவன் அவன். ஸோல்ரூன், உண்மையில் டிசம்பர் ரொம்ப அமைதியான மாதம், விளக்கெல்லாம் போட்டு அழகாக இருக்கும் என்றாள். பாதிரியாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டி, ஆமாம், இதுதான் உச்சம் என்றார். பாதிரியார் இதைச் சொன்னார். பிறகு எல்லார் கண்ணும் என் மேல் வந்தது. நுனோவும் பார்த்தான். நான் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஈரத் துண்டோடு ஸோல்ரூன் பின்னாலேயே வந்தாள். "ஸ்டெய்னுன், உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியும். ரெண்டே ரெண்டு நாள் மூடிக்கிட்டு இரு. சனிக்கிழமை மத்தியானம் பேப்பரைக் கொண்டுவரேன், கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நீ என்ன வேணா பேசு" என்றாள். நான் காபிக் குவளைகளை அடுக்கினேன். எனக்கும் அந்தக் கையெழுத்துத்தானே வேண்டும்?

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் ஊரைச் சுற்றினான். பள்ளிக்கூடம், கடை, துறைமுகம், ஆஸ்பத்திரி. போன இடத்திலெல்லாம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். ஊர் முழுக்க அதே பதிலைச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு ஒற்றுமையாக இந்த ஊர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செய்தார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் எதையோ திருடிவிட்டு வந்த மாதிரி எனக்கு இருந்தது.

சாயங்காலம் பாத்திரம் துடைக்கும்போது ஆஸ்தீஸிடம் கேட்டேன், இருட்டைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறாயா என்று. அவள் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள்.

"கொஞ்சம் இருட்டா இருக்கும்னு சொன்னேன்."

"கொஞ்சமா?"

"அம்மா, நீ சொல்லாதே. எனக்காக. எனக்கு இங்க வரணும். இந்தக் குழந்தை அங்க பிறந்தா நாங்க அங்கேயே இருந்துடுவோம், எனக்குத் தெரியும்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் வந்து பழகிட்டா சரியாயிடும்."

அந்த மூன்று வாத்தியார்களும் பழகிவிடும் என்று நம்பித்தான் வந்தார்கள். கடைசியாக வந்தவன் ஜனவரியில் ஒரு நாள் என் சீட்டு மேஜைக்கு முன்னால் நின்று, ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் தனி ஆள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இவன் போனால் என் மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவான். வந்து ஒரு வருஷம் கழித்துப் பிடுங்கிக்கொண்டு போவதை நான் தாங்குவேனா? இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சரி, போய்ப் படு என்றேன். அவள் நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது நுனோ தனியாக வெளியே நின்றுகொண்டிருந்தான். துண்டு கொண்டுவரவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"டோனா ஸ்டெய்னுன், அன்னிக்கு எல்லாரும் பதில் சொன்னாங்க. நீங்க மட்டும் காபி கொண்டுவரப் போயிட்டீங்க."

"காபி சூடா இருந்துச்சு இல்ல?" என்றேன். அசடு வழிந்தது எனக்கே தெரிந்தது.

"இதைவிட மோசமா இருக்குமா?"

என் மகளின் முகம் கண் முன்னால் வந்தது. ஸோல்ரூனின் பேப்பர் வந்தது. போடா, என்னை ஏன் கேட்கிறாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாய் திறந்தபோது வேறு வந்தது.

"இருக்கும். புதன்கிழமை நீ பார்த்தது ஒண்ணுமே இல்ல. அந்த மாதிரி வருஷத்துக்குப் பத்துத் தடவை அடிக்கும். நவம்பர் பதினாறுல சூரியன் அந்த மலைக்குப் பின்னாடி போச்சுன்னா ஜனவரி இருபத்தேழுலதான் எட்டிப் பார்க்கும். பத்து வாரம். ரோடு மூடினா மூணு நாள், நாலு நாள் பால்கூட வராது. நான் இங்கயே பொறந்தவ, எனக்கே டிசம்பர் வந்தா காரணமே இல்லாம பெர்கூரோட சண்டை போடத் தோணும். அவன் பதில் பேச மாட்டான், அதுக்கு ஒரு சண்டை போடுவேன். உனக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் ஓடிப்போயிட்டாங்க. உன் சம்பளத்துல விமான டிக்கெட்டும் வீட்டுச் சூடும் போக மீதிக்கு வெயில் வாங்க முடியாது."

மூச்சு வாங்கியது. நிறுத்தியிருக்கலாம், ஆனால் பாதியில் நிறுத்தினால் அதுவும் பொய்தான்.

"என் மக இங்க வரணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாது. நான் நல்லவள்னு நினைச்சுக்காதே. நீ ஏமாந்து வந்தா ஒரு நாள் கிளம்பிடுவே. அப்ப என் பேரப்பிள்ளை அம்மம்மான்னு கூப்பிடப் பழகியிருக்கும். என்னால அது முடியாது. அதுக்கு நீ வராமலே இருந்துடு."

அவன் பையிலிருந்து போனை எடுத்தான். எதையோ தேடி எடுத்து மேஜை மேல் வைத்து என் பக்கம் திருப்பினான். எங்கள் ஊரின் இணையப் பக்கம் அது, நகராட்சி நடத்துவது. ஜனவரி இருபத்தேழாம் தேதி போட்ட படம். "பத்து வாரத்துக்குப் பிறகு சூரியன் திரும்பியது! ஊர் முழுக்க அப்பமும் காபியும்" என்று பெரிசாக எழுதியிருந்தது. கீழே படத்தில் வாயில் அப்பத்தைத் திணித்துக்கொண்டு ஹ்யால்மர். பக்கத்தில் ஸோல்ரூன். நடுவில் கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டு பாதிரியார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஊர் முழுக்கக் கூடி ஒளித்ததை நாங்களே படம் பிடித்து உலகத்துக்கே காட்டியிருந்தோம்.

"பிப்ரவரியிலேயே இதைப் படிச்சேன்" என்றான். "இருட்டு எனக்குத் தெரியும். அதைப் பத்தி யோசிச்சு, முடியும்னு நினைச்சுத்தான் வந்தேன். வந்து பார்த்தா கேட்கிற ஆளெல்லாம் சிரிச்சுக்கிட்டே இல்லைங்கறாங்க. வாத்தியார், டாக்டர், பாதிரியார், கடைக்காரர். ஆஸ்தீஸ்கூட. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. பனியைப் பார்த்து இல்ல. நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆகி, இது சாதாரணமா, பயப்படணுமான்னு நான் கேட்டா, இந்த ஊர்ல யார் எனக்கு உள்ளதைச் சொல்லுவாங்க?"

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்குக் காலையில நீங்களும் இல்லைன்னு சொல்லியிருந்தா நாளைக்கு ஊருக்குப் போய் முடியாதுன்னு எழுதியிருப்பேன்" என்றான். "இப்ப கேட்க ஒரு ஆள் இருக்கு. ரெண்டு குளிர்காலத்துக்குக் கையெழுத்துப் போடறேன். அதுக்கு மேல இப்ப சொல்ல மாட்டேன். அது பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றேன். திரும்பவும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆஸ்தீஸ் வெளியே காரில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நேரமாகிறதே என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என் கண்ணைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவள் என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். அதற்குள் நுனோ அவள் பக்கம் போய் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை, புரியவும் வேண்டியிருக்கவில்லை. அவள் செருப்பு வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சொல்லத் தைரியம் இல்லம்மா, எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

ஏழு வருஷமாக அவள் எப்போது வந்தாலும், கட்டிப் பிடித்த கையை எடுப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: என்றைக்குத் திரும்பிப் போகிறாய்? அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. ஆகஸ்டுக்குள் மேல் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், அப்பாவிடம் சொல்லு என்றேன்.